கிரெஸ்னரின் ஊசிகள்

பேராசிரியர் ஹார்ட்விக் கிரெஸ்னருக்கு அந்த இரண்டு வருஷமும் ஒன்றும் புரியவில்லை. புரியவில்லை என்று வெளியே சொல்லவும் முடியவில்லை. எங்கள் ஊரில் ஒரு பேராசிரியர் வாயைத் திறந்து 'எனக்குத் தெரியாது' என்று சொல்வதைவிட, தொப்பி இல்லாமல் கடைவீதியில் நடப்பது அவருக்குச் சுலபம்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. தூரிங்கியா மலையடிவாரத்தில் தோல் பதனிடுகிறவர் ஒருவரின் மகன். அப்பாவின் தொட்டிகளிலிருந்து வந்த நாற்றத்தை முகர்ந்தே வேதியியல் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லிச் சிரிப்பார். இளம் வயதிலேயே நிலக்கரித் தாரிலிருந்து ஓர் ஊதாச் சாயத்தை எடுத்தார். துவைத்தாலும் வெளுக்காது, வெயிலிலும் மங்காது. பெர்லின் சீமாட்டிகள் பாதிப்பேர் அந்த ஊதாவில்தான் நாடகத்துக்குப் போனார்கள். அப்புறம், உரத்தில் உண்மையான சத்து எவ்வளவு என்று அளந்து சொல்ல ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயைச் செய்தார். உரத்தில் செம்மண்ணைக் கலந்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவரை இன்னும் சபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் வினையாக வந்து வாய்த்தது. எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் கசப்புச் சாராயத்தில் ஒரு மலைவேரைப் போடுவார்கள். அந்த வேரை நசுக்கி, ஊறவைத்து, காய்ச்சி, வடிகட்டி, ஆறவிட்டு, அதில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு பொருளை அவர் பிரித்தெடுத்தார். விரல் நீளத்துக்குக் கண்ணாடி ஊசிகளாக அது படிந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீலம் ஓடும். சட்டைப் பைக்குள் வைத்திருந்தால் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும். அப்படி ஒரு பொருள் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மாணவர்கள் அதற்கு 'கிரெஸ்னர் ஊசி' என்று பேர் வைத்துப் பாட்டே கட்டிவிட்டார்கள்.

பிறகு ஒரு நவம்பர் காலை, ஆய்வுக்கூடப் பணியாள் குன்ஸ் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றான்.

"ஐயா, ராத்திரி ஆறவெச்சது. ஊசியக் காணோம். கல்லுப்பு மாதிரி என்னமோ கெடக்கு."

"தட்டைக் கழுவினியா நீ?"

"என் மாமியார் மேல சத்தியமா கழுவினேன் ஐயா."

"உன் மாமியாரை உனக்குப் பிடிக்காதே."

"அது வேற விஷயம் ஐயா. தட்டு சுத்தம்."

கிரெஸ்னர் அந்தக் கல்லுப்பை எடுத்து எரித்துப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார், அந்தக் காலத்து வழக்கப்படி நாக்கில் வைத்தும் பார்த்தார். எல்லாக் கணக்கும் ஊசியின் கணக்குதான். கசப்பும் அதே கசப்பு. ஆனால் பருத்த மணிமணியாக இருந்தது. சோதனைக் குழாயில் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினாலும் உருகவில்லை. சரி, ஏதோ ஒரு நாள் தவறிவிட்டது என்று மறுபடி காய்ச்சினார். மணிதான் வந்தது. புது வேர் வாங்கினார், புதுக் கண்ணாடி வாங்கினார், குன்ஸைத் திட்டினார். மணிதான் வந்தது. கடைசியில் அலமாரியில் பூட்டி வைத்திருந்த பழைய ஊசிகளை எடுத்துப் பார்க்கலாம் என்று புட்டிகளைத் திறந்தால், ஒன்றுவிடாமல் சுண்ணாம்பாக வெளுத்துப் பொடிந்து கிடந்தன. அன்றைக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர், மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வந்து கூப்பிடும் வரை எழுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மரியாதை தெரிந்த மனுஷன் அல்லவா? புதிதாக ஏதாவது கிடைத்தால் அதில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து, மற்ற ஊர்களில் இருக்கும் சக பேராசிரியர்களுக்கு அனுப்புவது அந்த உலகத்து வழக்கம். அனுப்பாதவன் கருமி, பொறாமைக்காரன். இவரும் அந்த மணிகளை மடித்து ஊர் ஊராக அனுப்பி, 'தங்களிடம் உள்ள ஊசிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்று கேட்டுக்கொண்டார். பொட்டலம் போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் ஊசி வருவது நின்றுபோனது. அதுவரை ஊசி செய்துகொண்டிருந்தவர்கள் தங்கள் பேர் கெட்டுவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். 'நானும் பார்த்தேன்' என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

வாயை மூடாதவர் ஒருவர் இருந்தார். வடக்கே வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் எகான் வெண்ட்லர். மாணவப் பருவத்து வாள்சண்டைத் தழும்பு கன்னத்தில். பேச்சும் அதே வாள்தான். பொட்டலம் வந்த பிறகுதான் அவர் முதல்முறையாக அந்த வேரைக் காய்ச்சினார். வந்தது மணி. உடனே பத்திரிகையில் எழுதிவிட்டார்: 'ஊசிகள் என்றைக்கும் இருந்ததில்லை. மதிப்புக்குரிய நண்பர் பதக்கத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி வாங்கியிருக்கலாம்.'

அடுத்த வருஷம் செப்டம்பரில் காஸல் நகரில் வேதியியல் சங்கம் கூடியபோது, எல்லோர் முன்னாலும் செய்து காட்டுகிறேன் என்று கிரெஸ்னர் எழுந்தார். உள்ளூரில் வாங்கிய வேர், உள்ளூர் மருந்துக்கடைச் சாராயம், அதுவரை யாரும் தொடாத பாத்திரம். தன் கையாலேயே காய்ச்சினார், வடிகட்டினார், ஆறவிட்டார். சபை முழுக்கக் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. தட்டில் மணிமணியாகப் படிந்தது. பின்வரிசையில் யாரோ, "ஊசி வேணும்னா தையல்கடைக்குப் போகணும்" என்றார். சபையே அதிர்ந்தது. அடுத்த செப்டம்பர் கூட்டத்தில் கிரெஸ்னரின் பதக்கக் கட்டுரையைப் பொய் என்று அறிவித்து நீக்க வேண்டும் என்று வெண்ட்லர் தீர்மானம் கொடுத்தார். நீக்கினால் பதக்கம் போகும். அது போகட்டும், தோல் பதனிடுகிறவன் மகன் பித்தலாட்டக்காரன் என்று பேர் நிற்கும்.

வீட்டில் அவர் மனைவி லினா இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டே உருளைக்கிழங்கு தோலை உரித்தாள்.

"நம்ம ஊர்லயும் வரல, காஸல்லயும் வரல. ரெண்டு ஊருக்கும் பொதுவா என்ன இருக்கு ஹார்ட்விக்?"

"ஒன்னும் இல்ல. வேரு வேற, தண்ணி வேற, பாத்திரம் வேற."

"நீ இருந்தியே."

"நான் என்ன, மூலப்பொருளா?"

"யாரு கண்டா? அந்தத் தாடியைத் தட்டினா அரைப்படி மாவு தேறும். நேத்து சூப்புலகூட உதிர்ந்துச்சு."

கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் கிரெஸ்னரின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கரைசல் படிகமாகாமல் அடம்பிடித்தால் அதே பொருளின் தூளை ஒரு பொட்டு உள்ளே தூவுவது எந்த மாணவனுக்கும் தெரிந்த வேலை. அதற்கு விதை என்று பேர். விதை விழுந்தால் மீதியெல்லாம் அதைப் பார்த்து அதே உருவத்தில் வந்து சேரும். கண்ணுக்கே தெரியாத அளவு தூள் போதுமா? ஒரு தாடியில் இருக்கிற தூள் போதுமா? இதை யாரிடமாவது கேட்டால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவார்கள். கேட்காமலிருந்தால் தனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மறுநாள் நாவிதரிடம் போய் உட்கார்ந்தார். நாவிதர் எடுத்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"முழுசாவா ஐயா? இது... பல்கலைக்கழகத்துத் தாடியாச்சே."

"எடுய்யா. எடுத்து அடுப்புல போடு."

தாடியில்லாத முகத்தோடு அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது மாணவர்கள் யாரோ வெளியாள் என்று நினைத்து எழுந்து நிற்கவில்லை. குளித்து, புது அங்கி போட்டு, வீட்டுச் சமையலறையில் காய்ச்சிப் பார்த்தார். மணிதான். தாடி போனதுதான் மிச்சம். வீடெல்லாம் அந்தத் தூள் இருக்குமே, அதனால்தானா, இல்லை அந்த எண்ணமே தப்பா? ஊசிகளைத் தான் நிஜமாகவே பார்த்தோமா என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லினாவிடம் ஒருநாள் கேட்டார்.

"நான் உனக்கு ஊசியைக் காட்டினேன்ல?"

"காட்டின. நான் அடுப்பைப் பாத்துக்கிட்டே சரின்னு சொன்னேன். சரியா பாக்கல ஹார்ட்விக். மன்னிச்சுக்கோ."

அவள் அப்படி உண்மையைச் சொன்னதற்காக அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஆகஸ்டு பிறந்தது, தீர்மானம் எடுக்க இன்னும் கொஞ்ச நாள்தான். அப்போது தந்தி வந்தது. 'ஊசி வந்துவிட்டது. உடனே புறப்பட்டு வரவும். வெண்ட்லர்.' அனுப்பிய ஊர் ஸ்ட்ரால்சுண்ட், பால்டிக் கடற்கரை. வெண்ட்லருக்கு அங்கே கோடைவீடு உண்டு.

"கேலி பண்றான்" என்றார் கிரெஸ்னர்.

"கேலிக்குத் தந்திக் காசு செலவழிக்கிற ஆளா அவரு? போ" என்றாள் லினா. அவளே துவைத்த சட்டையும், ஆய்வுக்கூட வாசலையே மிதிக்காத புதுச் செருப்பும் எடுத்துவைத்தாள்.

ரயிலில் வழி நெடுக அவர் தலைக்குள் ஒரே குழப்பம். ஊசி நிஜமாகவே வந்திருந்தால், தான் போகலாமா? போகாமலிருந்தால், காலமெல்லாம் பார்க்காமலே சாக வேண்டுமா? பார்க்கப் போய் அதைக் கெடுத்துவிட்டால்? அட, தூசியில் விதை இருக்கிறது என்று நம்புவது ஒரு விஞ்ஞானி செய்கிற காரியமா? ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். எதிரே இருந்த அம்மாள் அவருக்கு மூலம் என்று நினைத்து ஒரு தலையணையை நீட்டினாள்.

வெண்ட்லரின் வீடு கடலைப் பார்த்தபடி இருந்தது. தோட்டத்துக் கோடியில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன மரக் குடில். வெண்ட்லர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். வாள்தழும்பு சிவந்திருந்தது.

"கிரெஸ்னர்! தாடி எங்கய்யா? ஆளே தெரியல. வாங்க, உள்ள வாங்க!"

"கிட்ட வராதீங்க" என்று கிரெஸ்னர் வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கத்தினார். "முதல்ல சொல்லுங்க. எப்படி வந்துச்சு?"

"மழை. மூணு நாளா மீன்பிடிக்கப் போக முடியல. போரடிச்சுது. இந்தக் கடைத்தெருவுல உங்க வேரு கெடைச்சுது. சும்மா காய்ச்சினேன். இந்தக் குடில்ல இதுக்கு முன்னால தூண்டில் தவிர ஒன்னும் இருந்ததில்ல. காலைல பாக்கறேன், ஊசி! நீங்க எழுதின அதே சூட்டுல உருகுது. அதே டிகிரி! நான் உங்களை என்னென்னமோ எழுதிட்டேன்..."

"உங்க பல்கலைக்கழகத்துல இருந்து ஏதாவது சாமான் எடுத்துட்டு வந்தீங்களா?"

"இல்ல. எல்லாம் இங்க வாங்கினதுதான். ஏன்?"

கிரெஸ்னர் வேலியைத் தாண்டிக் குடிலின் ஜன்னல் வரைக்கும் வந்தார். குடிலுக்குள் போகமாட்டேன், ஜன்னல் வழியாகக் காட்டுங்கள் என்றார். வெண்ட்லர் தலையைச் சொறிந்தபடி உள்ளே போய், தட்டைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்தார். விரல் நீள ஊசிகள். வெயில் பட்டதும் உள்ளே நீலம் ஓடியது. கிரெஸ்னர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தார். தான் பொய் சொல்லவில்லை. பைத்தியமும் இல்லை. கண்ணீர் வழிய வழியத் துடைக்காமல் நின்றார்.

"சங்கத்துச் செயலாளருக்கும் தந்தி குடுத்துட்டேன், நாளைக்கு ரயில்ல வராரு. அவருகிட்டயே தட்டைக் குடுத்து அனுப்பறேன். தீர்மானத்தைக் கிழிச்சுப் போட்டுடலாம்" என்று உள்ளிருந்தே கத்தினார் வெண்ட்லர். பிறகு தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தார். நேரே வந்து, குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, வலது கையை நீட்டினார்.

எங்கள் ஜனங்களுக்கு மன்னிப்பு என்பது வாயால் முடிகிற காரியம் இல்லை. கை கொடுத்தாக வேண்டும். நீட்டிய கையைப் பிடிக்காமல் விட்டால் அது செத்தாலும் ஆறாத அவமானம்.

கிரெஸ்னரின் புத்தி வேண்டாம் என்றது. நாளை வரை பொறு, செயலாளர் வந்து போகட்டும் என்றது. ஆனால் இரண்டு வருஷமாக அவருடைய துறையில் ஒரு ஆள் அவருக்குக் கை கொடுத்ததில்லை. கூட்டத்தில் பார்த்தால் கோப்பையைப் பிடித்துக்கொள்வார்கள், குடையைப் பிடித்துக்கொள்வார்கள். இதோ ஒரு கை, அதுவும் வெண்ட்லருடைய கை, காற்றில் காத்துக்கொண்டு நிற்கிறது. நான்தான் குளித்துவிட்டேனே, மழித்துவிட்டேனே, எல்லாம் புதுசுதானே என்று தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டே இரண்டு கைகளாலும் அதைப் பற்றிக்கொண்டார். வெண்ட்லர் அவரை அப்படியே இழுத்துக் கட்டிக்கொண்டார்.

சாப்பாடு தோட்டத்திலேயே நடந்தது. வெண்ட்லரின் மனைவி மின்னா, புகையில் வாட்டிய விலாங்கு மீனும் வேகவைத்த உருளைக்கிழங்கும் வைத்தாள். அந்தக் கசப்புச் சாராயத்தையே இருவரும் மாறிமாறி ஊற்றிக்கொண்டார்கள். கிரெஸ்னர் தூசி, விதை, தாடி எல்லாவற்றையும் சொன்னார்.

"அதான் கிட்ட வராதீங்கன்னு கத்தினீங்களா!" என்று வெண்ட்லர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல வேளை, நாவிதர் காப்பாத்தினாரு. இருங்க, தட்டுக்கு ஒரு மூடி போட்டுட்டு வந்துடறேன்."

குடிலுக்குள் போனவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அது வெண்ட்லரின் குரல் போலவே இல்லை.

"கிரெஸ்னர். உள்ள வாங்க. இனிமே வரலாம்."

தட்டின் ஓரத்தில் ஓர் ஊசியின் முனை வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுப்பு ஊசி நெடுக ஊர்ந்தது, பக்கத்து ஊசிக்குத் தாவியது. நீலம் ஒவ்வொன்றாக அணைந்தது. இரண்டு கிழவர்களும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று, தடுக்க வழி தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழுத் தட்டும் சுண்ணாம்பாகிவிட்டது. மிச்சம் வைத்திருந்த கரைசலை வெண்ட்லர் அவசரமாக ஆறவைத்தார். மணிமணியாகப் படிந்தது.

"எது வழியா வந்துச்சு?" என்றார் வெண்ட்லர். "கையா? சட்டையா?"

"தெரியல."

"கடிகாரச் சங்கிலி? அது பழசுதானே?"

கிரெஸ்னர் இடுப்பைத் தடவிப் பார்த்தார். சங்கிலி பழசுதான். தொப்பியும் பழசுதான். லினா செருப்பை மாற்றினாள், தொப்பியை யாருமே நினைக்கவில்லை. அல்லது அதெல்லாம் இல்லையோ என்னவோ. இன்றைக்கு வரைக்கும் அது எப்படி உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

மின்னா பிளம்ஸ் கேக்கோடு வாசலில் வந்து நின்றாள்.

"எங்க அந்த அதிசயம்? காலைலேர்ந்து குதிச்சீங்களே, நானும் ஒரு தடவ பாத்துடறேன்."

"போயிடுச்சு" என்றார் வெண்ட்லர்.

"போயிடுச்சா? எங்க போச்சு?"

"இங்கதான் இருந்துச்சு மின்னா. நீளமா, கண்ணாடி மாதிரி. சத்தியமா இருந்துச்சு. இப்ப இப்படி ஆயிடுச்சு."

அவள் தட்டைப் பார்த்தாள், காலியாகிக் கிடந்த சாராயப் புட்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தாள், பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க" என்று மிகவும் மெதுவாகச் சொன்னாள். கேக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் 'சரி'யைக் கிரெஸ்னருக்கு நன்றாகத் தெரியும். அவர் வெண்ட்லரைப் பார்த்தார். எப்போதும் வாளாக நிமிர்ந்திருக்கும் மனுஷன் தட்டையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார். இந்த ஆள் ஒருநாள் தன் முன்னால் இப்படி நிற்க வேண்டும் என்று இரண்டு வருஷம் வேண்டிக்கொண்டவர் கிரெஸ்னர். இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

"வெண்ட்லர், நாளைக்குச் செயலாளர் வந்தா ஒன்னும் சொல்லாதீங்க" என்றார். "தந்தி தப்பா போயிடுச்சுன்னு சொல்லிடுங்க. தீர்மானம் நடக்கட்டும். என் பேரு ஏற்கெனவே போனதுதான். உங்க பேரும் எதுக்குப் போகணும்?"

"நான் கண்ணால பாத்தேன்யா."

"நானும்தான் பாத்தேன். என்ன ஆச்சு?"

வெண்ட்லர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுண்ணாம்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

"செப்டம்பர்ல நான் எழுந்திரிச்சுச் சொல்லத்தான் போறேன்" என்றார். "பாத்தேன், உருக்கினேன், போயிடுச்சுன்னு."

"சிரிப்பாங்க. உங்களையும் தையல்கடைக்குப் போகச் சொல்லுவாங்க."

"அன்னிக்கு அதைச் சொன்னது யாருன்னு நெனைச்சீங்க? நான்தான்." தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் நிமிர்ந்தார். "கிரெஸ்னர், நான் பாத்தேன்னு நீங்க சொல்லணும். நீங்க பாத்தீங்கன்னு நான் சொல்லணும். நம்ம ரெண்டு பேரையும் விட்டா இதுக்கு வேற யாரு இருக்கா?"

கிரெஸ்னர் இன்னொரு முக்காலியைத் தேடி எடுத்துவந்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.